கரும்புக்கு முன் மிச்சிகன்

அவிநாசியில் ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதுகிறேன். பிள்ளைகளை மேற்படிப்புக்கு வெளிநாடு அனுப்பப் பனியன் கம்பெனிக்காரர்கள் வருமானவரித் தாக்கல் நகலும் வீட்டுப் பத்திரமுமாக வருவார்கள். அவர்களிடம் நான் சொல்லும் பெயர் ஜானகி அம்மாள்.

சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய அவர், 1924இல் பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். ஆசியப் பெண்களுக்கென்றே ஏற்பட்ட தொகை அது. 1931இல் தாவரவியலில் டாக்டர் பட்டம். 1934இல் நம்ம கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். கரும்போடு மக்காச்சோளத்தையே கலந்து புது இனம் உண்டாக்கினார். 1945இல் மரபியல் அறிஞர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார்.

வீட்டை அடகு வைப்பது அப்புறம் இருக்கட்டும். முதலில் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுங்கள்.