வில்வண்டியிலிருந்து காற்றுப்பை வரை

அவனியாபுரம் என்றதும் எல்லோருக்கும் தை முதல் நாள் ஜல்லிக்கட்டுதான் ஞாபகம் வரும். போன மாதம் எங்கள் தெருவிலும் ஒரு காளை முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது. என் மாமாவின் வண்டிதான் அது. ரிட்டயர்மென்ட் பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வெளிநாட்டு மலையேறும் வண்டி. ராத்திரி நேராக நின்றது, விடிந்து பார்த்தால் வலது முன்பக்கம் டயர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. "பேசாம பழைய இரும்புக் கடையில போட்டுருங்க" என்றார் அத்தை.

வண்டியைத் தாங்குவது இரும்பில்லை, காற்று. இந்தக் காற்று எப்போது இரும்பின் இடத்துக்கு வந்தது என்று தேடினேன். அந்தக் கதைதான் இது.

நம் தாத்தாக்கள் காலத்தில் வசதியானவர்கள் போனது வில்வண்டி. சாதாரண கட்டை வண்டியில் பள்ளம் நேராக இடுப்புக்கு வரும், வில்வண்டியில் இரும்பு வில் அதை வாங்கிக்கொள்ளும். இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் 1804-ல் குதிரை வண்டிக்கு இப்படிப்பட்ட வில்லுக்குக் காப்புரிமை வாங்கினார். 1941-ல் வந்த போர்க்கால ஜீப்புக்கும் நாலு பக்கமும் பட்டைதான். 1947-ல் மகிந்திரா இங்கே ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தபோதும் அதே பட்டை. உடைந்தால் பட்டறையில் வேறு பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளலாம். (உடைந்த லாரிப் பட்டை அரிவாளாக மறுபிறவி எடுப்பது தனிக் கதை!)

காற்றின் கதை வேறு. 1888-ல் பெல்ஃபாஸ்ட்டில் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். டயரில் நிற்கும் காற்று ஸ்பிரிங்கில் நிற்காதா? 1930-களில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி அதற்கான ரப்பர் பைகளில் இறங்கியது. 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதைப் பேருந்துகளில் போட்டது. காலியாகப் போகும் பஸ், திருவிழாக் கூட்டத்தோடு திரும்பும். இரும்பு ஸ்பிரிங் என்றால் சுமை ஏற ஏற அமுங்கும். காற்று என்றால் கொஞ்சம் கூட அடைத்தால் போதும், உயரம் மாறாது. காற்று பிரேக் இருக்கும் பஸ்ஸில் கம்ப்ரசர் ஏற்கெனவே உண்டு என்பது கூடுதல் வசதி. நம் மதுரையில் வேர்விட்ட டிவிஎஸ் குழுமத்திலிருந்து 1960-ல் கிளம்பிய வீல்ஸ் இந்தியாவும் பஸ்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் செய்கிறது.

கார்களில்தான் தடுமாற்றம். 1957-ல் காடிலாக் எல்டொராடோ புரோகாம் காரில் இது வந்தது. அடுத்த வருடம் மற்ற மாடல்களுக்கும் கொடுத்தார்கள். காற்று கசிந்துகொண்டே இருக்க, நிறைய பேர் கழற்றிவிட்டு சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். 1992-ல் ரேஞ்ச் ரோவர் மலையேறும் வண்டிக்கு எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டோடு கொண்டுவந்தது. பாறையில் உயரும், நெடுஞ்சாலையில் தாழும். பல வருடம் கழித்து அங்கேயும் அதே கசிவு, அதே சுருள் ஸ்பிரிங்!

மாமாவுக்கும் அந்த யோசனையைத்தான் சொன்னார்கள். இன்னொருவர் கம்ப்ரசரை மாற்றச் சொன்னார். கம்ப்ரசர் சூடேறிக் கத்தியது உண்மைதான். ஆனால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவன் களைத்துப் போனால் குற்றம் அவனுடையதா?

கடைசியில் கண்டுபிடித்தது தெருமுனை பஞ்சர் கடை அண்ணன். வண்டியைத் தூக்கி, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து, சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ரப்பர் மடிந்து மடிந்து நிமிரும் இடத்தில் பொடிப்பொடியாக நுரை. "பஞ்சர் ஒட்டிரலாமாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார்.

"டியூப் காத்தை மட்டும்தான் பிடிக்கும் தம்பி, அழுத்தத்தை டயர் தாங்கும். இதுல ரெண்டும் ஒரே ரப்பர். ஒட்டுனா பிச்சுக்கும்."

பையை வரவழைக்கப் பத்து நாள் ஆனது. மீதிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, வீட்டு வாசலிலேயே மாற்றினோம். காற்றுக் குழாயின் நுனியைக் கோணலில்லாமல் வெட்டவே எனக்கு மூன்று தடவை ஆனது. கோணலாக இருந்தால் மறுபடி கசியும்.

வண்டி எழுந்து நின்றுவிட்டது. மற்ற மூன்று பைகளுக்கும் அதே வயசுதான். மாமா இப்போது காலையில் காபிக்கு முன்னால் டேப்போடு வாசலுக்குப் போய், நாலு சக்கரத்துக்கும் மேலே உயரம் அளந்து காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைக்கிறார். நேற்று பின்பக்கம் இடதில் அரை சென்டிமீட்டர் குறைந்திருந்ததாம். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.