குளூட்டன் இல்லா உணவு: காரியாபட்டி வட்டாரம்

சீலியாக் நோயாளிகளுக்குக் கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. வாழ்நாள் முழுதும் அதை விலக்குவதே சிகிச்சை. விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி, திருச்சுழி மானாவாரிக் காடுகளில் விளையும் குதிரைவாலி, கம்பு, சோளம் எதிலும் குளூட்டன் இல்லை. அரிசியிலும் உளுந்திலும் இல்லை. கம்மங்கூழும் இட்லியும் பழகிய வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். பரோட்டா, ரவை, சேமியா கூடாது.

குளூட்டன் பிற பொருள்களில் ஒளிந்து வருவதுதான் சிக்கல். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். மாவு மில்லில் முந்தி வந்தவர் கோதுமை அரைத்திருந்தால், எந்திரத்தில் ஒட்டிய மாவு அடுத்து விழும் கம்பு மாவோடு சேர்ந்து வரும். வீட்டு மிக்சியில் அரைப்பதே நல்லது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்ட பொட்டலத்தில், இந்திய விதிப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது.