திறன்பேசித் தடயவியல்

திறன்பேசித் தடயவியல் என்பது, திறன்பேசியில் உள்ள எண்ணிமத் தரவுகளை மாற்றம் நேராமல் பாதுகாத்து, படியெடுத்து, ஆய்ந்து, நீதிமன்றம் சான்றாக ஏற்கத்தக்க வடிவில் அளிக்கும் துறையாகும். இது எண்ணிமத் தடயவியலின் ஒரு கிளை. கணினித் தடயவியலில் இருந்து இது முக்கியமான ஒரு வகையில் வேறுபடுகின்றது. அணைக்கப்பட்ட கணினியின் வன்தட்டு அப்படியே இருக்கும். திறன்பேசியோ கைப்பற்றப்பட்ட பின்னரும் வலையமைப்புடன் தொடர்பு கொண்டு, தன் உள்ளடக்கத்தைத் தானே மாற்றிக்கொண்டிருக்கும். ஆகவே ஆய்வகத்தில் உள்ள மென்பொருளைக் காட்டிலும், கைப்பற்றிய முதல் சில மணி நேரத்தில் பேசி எவ்வாறு கையாளப்பட்டது என்பதே சான்றின் மதிப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றது.

தமிழ்நாட்டில் அமைப்பு

தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறை, 1849இல் சென்னை மாகாணத்தில் நிறுவப்பட்ட வேதியியல் ஆய்வகத்தின் வழிவந்தது. இதன் முதன்மை ஆய்வகம் சென்னை மயிலாப்பூரில் உள்ளது. கணினி, கைப்பேசி முதலிய எண்ணிமச் சான்றுகளை ஆராயும் பிரிவு அங்கு இயங்குகின்றது. மண்டல ஆய்வகங்களுள் ஒன்று விழுப்புரத்தில் அமைந்துள்ளது. மாவட்டந்தோறும் உள்ளது போல் விழுப்புரத்திலும் இணையவழிக் குற்றங்களுக்கெனத் தனிக் காவல் நிலையம் உண்டு.

திண்டிவனத்தில் ஒரு வழக்கில் கைப்பற்றப்படும் பேசி நேராக ஆய்வகத்துக்குப் போவதில்லை. சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுதப்பட்டு, முத்திரையிடப்பட்டு, நீதித்துறை நடுவர் முன் ஒப்படைக்கப்படும். பின்னர் நீதிமன்றத்தின் கடிதத்துடனேயே அது ஆய்வகத்தைச் சென்றடையும். இப்பயணத்தில் பேசி யார் கையில், எப்போது, எந்நிலையில் இருந்தது என்பதற்கான இடைவிடாத பதிவு 'காவல் தொடர்' எனப்படும். இதில் ஓர் இடைவெளி இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

கைப்பற்றும்போது

இயங்கும் பேசியை வலையமைப்பில் இருந்து துண்டிப்பது முதல் வேலை. இல்லாவிடில் உரிமையாளரோ அவருக்கு வேண்டியவரோ தொலைவில் இருந்தே அதன் உள்ளடக்கம் முழுவதையும் அழித்துவிட முடியும். இதற்காகப் பேசியைப் பறப்பு நிலையில் வைப்பர், அல்லது மின்காந்த அலைகளைத் தடுக்கும் பாரடே பையில் இடுவர். பைக்குள் இருக்கும் பேசி அலைக்கற்றையைத் தேடித்தேடி மின்கலத்தை விரைவில் தீர்த்துவிடும் என்பதால், கையடக்க மின்னேற்றி ஒன்றையும் உடன் வைப்பது வழக்கம்.

பேசியை உடனே அணைத்துவிடுவது பாதுகாப்பு என்று பலர் எண்ணுவர். இது பெரும்பாலும் தவறு. இக்காலப் பேசிகளில் தரவுகள் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளன. பேசியை இயக்கிய பின் ஒரு முறையேனும் கடவுக்குறி இடப்பட்டிருந்தால், மறைவிலக்கும் திறவிகளுட் பல நினைவகத்தில் இருக்கும். அணைத்தால் அவை நீங்கிவிடும். மீண்டும் இயக்கிக் கடவுக்குறி இடாத நிலையில் எடுக்கக்கூடிய தரவு மிகச் சொற்பம். 2024இல் வெளிவந்த ஐஓஎஸ் 18.1 பதிப்பில் இருந்து, மூன்று நாள் திறக்கப்படாத ஐபோன் தானாகவே மறுதொடக்கம் செய்துகொள்கின்றது. 2025இல் ஆண்ட்ராய்டுக்கும் இத்தகைய வசதி வந்தது. கடிதத்துக்காகக் காத்திருக்கும் பேசியின் சான்று இவ்வாறு அலமாரியிலேயே எட்டாததாகிவிடலாம்.

தரவு எடுத்தல்

இயங்குதளம் தானாகத் தரும் தரவை மட்டும் பெறுவது தருக்கமுறைப் படியெடுப்பு. கோப்பு முறைமை முழுவதையும் பெறுவது அதனினும் ஆழமானது. நினைவகச் சில்லைக் கழற்றிப் படிக்கும் முறையும் உண்டு. ஆனால் மறையாக்கம் பரவலான பின் அதன் பயன் குறைந்துவிட்டது. இசுரேலின் செல்பிரைட் நிறுவனக் கருவிகள் பல நாட்டுக் காவல்துறைகளில் பயன்படுகின்றன.

அழித்த தரவு எப்போதும் மீளும் என்பது திரைப்படங்கள் வளர்த்த நம்பிக்கை. குறுஞ்செய்திகளும் வாட்சப் உரையாடல்களும் எசுக்கியூலைட் தரவுத்தளங்களில் உள்ளன. அங்கு அழிக்கப்பட்ட வரி, அதன் இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை எஞ்சியிருக்கக்கூடும். ஒளிப்படங்களின் நிலை வேறு. மறையாக்கப்பட்ட பேசியில் கோப்பு அழியும்போது அதன் திறவியும் அழிவதால் மூலப் படம் பெரும்பாலும் மீளாது. எனினும் அதன் சிறுபடமோ, மேகச் சேமிப்பில் உள்ள படியோ, பெற்றவரின் பேசியில் உள்ள படியோ கிடைக்கலாம்.

எடுத்த படிக்கு உடனே 'ஆஷ்' மதிப்பு கணிக்கப்படும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் இம்மதிப்பு முற்றிலும் மாறிவிடுமாதலால், இது படியின் கைரேகை போன்றது.

நேரமும் இடமும்

பிழைகள் மிகுதியாக நேர்வது இப்பகுதியில்தான். பல செயலிகள் நேரத்தை ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் பதிகின்றன; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னதாகும். அதிகாலை 2.00 மணிக்கு அனுப்பப்பட்ட செய்தி, மாற்றாமல் படித்தால் முந்தைய நாள் இரவு 8.30 மணிக்குரியதாகத் தோன்றும். குற்றம் நடந்த வேளையில் ஒருவர் வேறிடத்தில் இருந்தாரா என்பதே கேள்வியாகும் வழக்கில் இவ்வேறுபாடு ஒருவரைச் சிறைக்கு அனுப்பவோ விடுவிக்கவோ போதுமானது.

தொலைத்தொடர்பு நிறுவனம் தரும் அழைப்புப் பதிவு, பேசி எந்தக் கோபுரத்துடன் இணைந்திருந்தது என்பதை மட்டுமே காட்டும். ஊர்ப்புறங்களில் ஒரு கோபுரத்தின் வீச்சு பல கிலோமீட்டர் வரை இருக்கலாம். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்குப்பம் புதுச்சேரி நகரை ஒட்டியது. அங்கு நிற்பவரின் பேசி ஒன்றியப் பகுதியில் உள்ள கோபுரத்துடன் இணையக்கூடும். எனவே கோபுரப் பதிவை 'அவர் புதுச்சேரியில் இருந்தார்' என்று வாசிப்பது சரியன்று. பேசிக்குள் உள்ள புவியிடங்காட்டிப் பதிவுகளும் அருகலை இணைப்புப் பதிவுகளும் இதைவிடத் துல்லியமானவை.

சட்ட நிலை

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 வழியாக இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65ஆ பிரிவு சேர்க்கப்பட்டது. மின்னணுப் பதிவின் படிக்கு இப்பிரிவின்படியான சான்றிதழ் கட்டாயம் என்று அன்வர் எதிர் பஷீர் வழக்கில் 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் வந்த ஒரு தீர்ப்பு இதைத் தளர்த்தியது. 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய நிலையை மீட்டது. மூலப் பேசியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் அளித்து மெய்ப்பித்தால் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் அது தெளிவுபடுத்தியது.

2024 சூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு நடைமுறையில் உள்ளது. இதன்படி சான்றிதழ் இரு பகுதிகள் கொண்டது. ஒன்றில் கருவியின் பொறுப்பாளரும் மற்றதில் வல்லுநரும் ஒப்பமிட வேண்டும். ஆஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். அதே நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யப் பணிக்கின்றது. காவலரின் திறன்பேசியே இவ்வாறு ஒரு சான்றுக் கருவியாகியுள்ளது.

பொள்ளாச்சி வழக்கு

2019இல் வெளிவந்த பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், குற்றவாளிகள் பெண்களை மிரட்டுவதற்காக எடுத்த காணொளிகளே பின்னர் அவர்களுக்கு எதிரான சான்றுகளாயின. நடுவண் புலனாய்வுச் செயலகம் விசாரித்த இவ்வழக்கில், கோயம்புத்தூர் மகளிர் நீதிமன்றம் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. இவ்வழக்கின் மறுபக்கமும் கருதத்தக்கது. 2019 மார்ச்சில் காணொளியின் பகுதிகள் சமூக ஊடகங்களில் பரவின. இத்தகைய பொருள் எங்கிருந்து கசிந்தாலும் பாதிக்கப்பட்டோருக்கு அது இரண்டாம் கொடுமையாகும். முத்திரையும் பதிவேடும் அவர்களைக் காப்பதற்கும் தேவைப்படுகின்றன.

கடவுக்குறியும் அமைதி காக்கும் உரிமையும்

அரசியலமைப்பின் 20(3) உறுப்பின்படி, குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி கூறக் கட்டாயப்படுத்த முடியாது. விரல்ரேகை அளிப்பது சாட்சி கூறுவதாகாது என்று 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. மனத்தில் உள்ள கடவுக்குறியைச் சொல்வதும் அத்தகையதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடவுக்குறி தருவது தன்னைத் தானே குற்றப்படுத்துவதாகாது என்று 2021இல் வீரேந்திர கன்னா வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றம் கருதியது. 2022இல் தில்லிச் சிறப்பு நீதிமன்றம் ஒன்று இதற்கு மாறாகக் கடவுக்குறியைக் கட்டாயப்படுத்திப் பெற இயலாது என்றும், விரல்ரேகை போன்ற உடல் அடையாளங்களைப் பெறலாம் என்றும் கூறியது. இப்பார்வையின்படி, ஒரே பேசியை விரலால் பூட்டியவரும் எண்ணால் பூட்டியவரும் வெவ்வேறு அளவு காப்பைப் பெறுகின்றனர்.