தாழ்ந்த இடம் எது?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கரையில், லூசியானா மாநிலத்தின் தென்மேற்குக் கோடியில், மெக்சிகோ வளைகுடாவைப் பார்த்தபடி கேமரன் என்னும் சிற்றூர் இருக்கிறது. இறால் பிடிப்பதும் மீன் பிடிப்பதும் மாடு வளர்ப்பதும் அவ்வூராரின் தொழில்கள். ஊரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு நிலம். அச்சதுப்பின் நடுவே, பழைய காலத்துக் கடற்கரை விட்டுச்சென்ற மணல் மேடுகள் நீள நீளமாகக் கிடக்கின்றன. ஓக் மரங்கள் அவற்றின்மீது வளர்ந்திருந்தமையால், பிரெஞ்சு மொழியில் அம்மரத்துக்குரிய பெயரைக் கொண்டே அம்மேடுகளைச் 'செனியர்' என்று வழங்கினர். வீடுகளும் மாதாகோயிலும் கடைத்தெருவும் அம்மேடுகளின் மீதே எழுந்தன. சதுப்பைக் காட்டிலும் அவை சில அடிகளே உயரம். ஆயினும் ஊராருக்கு அதுதான் மேட்டு நிலம்.

1957-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ம் நாள், புதன்கிழமை, இவ்வூராருக்கு வானொலி வாயிலாக ஓர் எச்சரிக்கை வந்தது. ஓட்ரி என்று பெயரிடப்பட்ட சூறாவளி வளைகுடாவின் தென்பகுதியில் தோன்றி வடக்கு நோக்கி வருகிறது; கடல் மட்டம் பல அடி உயரும்; தாழ்ந்த இடங்களில் இருப்போர் உயர்ந்த நிலத்துக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பெரும்பாலோர் அதைக் கேட்டனர், ஆனால் வீட்டிலேயே தங்கினர். மறுநாள் காலை கடல் ஊருக்குள் புகுந்தது. பன்னிரண்டு அடிக்குக் குறையாத வெள்ளம். 400 பேருக்கு மேல் மாண்டனர். அடையாளம் தெரியாத உடல்கள் பல வடக்கேயுள்ள லேக் சார்ல்ஸ் நகரத்தில் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டன.

இந்நிகழ்ச்சியைச் சுருக்கமாக எழுதுவோர் 'எச்சரித்தும் மக்கள் கேட்கவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர். இறந்தவர்மீது இது ஒரு பழியாகவே நின்றுவிட்டது. அந்த ஒரு வரி சரிதானா என்று பார்ப்பதே என் நோக்கம்.

சூறாவளியைப் பற்றிச் சில சொற்கள் முதலில் வேண்டும். அட்லாண்டிக் பெருங்கடலில் ஹரிக்கேன், சீனக் கடலில் டைபூன், வங்கக் கடலில் சைக்ளோன் என்று வழங்குபவை யாவும் ஓரினத்தைச் சேர்ந்தவை. நிலநடுக்கோட்டை ஒட்டி அவை தோன்றுவது மிக அரிது. ஆகவே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நாம் அவற்றை அறியோம். 2001-ம் ஆண்டு டிசம்பர் 27-ம் நாள் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறிய வாமெய் ஒரு விதிவிலக்கு. சூறாவளியில் காற்றே ஆளைக் கொல்கிறது என்று நாம் நினைக்கிறோம். காற்றைவிடக் கொடியது, காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல். ஆழங்குறைந்த கரையோரத்தில் அந்நீர் கீழே போக வழியின்றி மேலெழுந்து நிலத்தின்மேல் ஏறுகிறது. இதைக் கடற்பெருக்கு என்போம். இஃது அலையன்று, அலை வந்து திரும்பும், இது வந்து மணிக்கணக்கில் நிற்கும். அலைகள் இதன் மேலேறி வந்து வீட்டுச் சுவர்களை இடிக்கும்.

இனிக் கேமரனுக்கு வருவோம். 'தாழ்ந்த இடங்களில் இருப்போர்' என்ற தொடரை ஆசிரிய நண்பர்கள் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். தாழ்வு, உயர்வு என்பன ஒன்றை நோக்கி மற்றொன்று பெறும் பெயர்கள். நம் தோட்டங்களிலும் மேட்டு லயம், பள்ளத்து லயம் என்கிறோம். இரண்டுக்கும் இடையே ஓராள் உயரங்கூட இராது. மேட்டு லயத்துக்காரரிடம் போய்ப் 'பள்ளத்தில் இருப்பவர்கள் வெளியேறுங்கள்' என்றால் அவர் யாரை நினைப்பார்? கேமரன் ஊரார் தலைமுறை தலைமுறையாகச் செனியர் மேட்டில் வாழ்ந்தவர்கள். அவர்கள் அறிந்த உலகில் அதைவிட உயர்ந்த நிலம் இல்லை. எச்சரிக்கையை எழுதியவரோ நிலப்படத்தைப் பார்த்து எழுதினார். அவர் கண்ணுக்கு அம்மாவட்டம் முழுவதுமே தாழ்ந்த இடம். ஒரே சொல் எழுதியவரிடம் ஒரு பொருளும் கேட்டவரிடம் வேறொரு பொருளும் கொண்டது. அம்மக்கள் எச்சரிக்கையைக் கேட்டார்கள் என்பதும், அதற்குப் பணிந்தே வீட்டில் தங்கினார்கள் என்பதும் என் துணிபு. 'உயர்ந்த நிலத்தில் இருங்கள்' என்றார்கள், இருந்தார்கள்.

காலமும் அவர்களை ஏமாற்றியது. வியாழக்கிழமை பிற்பகலுக்குள் புயல் வராது என்று பலர் கணக்கிட்டுப் படுக்கப் போயினர். விடிந்ததும் மூட்டை முடிச்சுகளுடன் புறப்படுவதாகச் சிலர் முடிவு செய்திருந்தனர். இரவோடிரவாகப் புயல் வேகமும் வலிமையும் கூடியது. பொழுது புலரும் முன்பே சதுப்பினூடே செல்லும் தாழ்வான சாலைகளை நீர் மூடிவிட்டது. புறப்பட எண்ணியோருக்கு வழி அடைந்தது. முதல்நாள் மாலையில் நன்னீர் இறால் போன்ற கிராஃபிஷ் என்னும் பிராணிகள் சதுப்பைவிட்டுக் கூட்டங்கூட்டமாக மேடேறியதைக் கண்டதாகத் தப்பியவர்கள் பிற்காலத்தில் சொல்லி வந்தார்கள். ஊரின் நீதிமன்றக் கட்டடம் 1930-களில் கெட்டிக் கான்கிரீட்டில் கட்டப்பட்டது. அங்கே ஓடிப் புகுந்தோர் நூற்றுக்கணக்கில் பிழைத்தனர்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறப் பொறுத்தருள்க. 2006-ம் ஆண்டு டிசம்பரில் ஜொகூரில் பெருவெள்ளம் வந்தபோது நான் இளம் ஆசிரியன். ஆற்றோரத்து லயங்களிலிருந்து மக்களைப் பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுவரும் வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு பாட்டி மட்டும் வரவில்லை. "கோழிய விட்டுட்டு எங்க வாத்தியாரே வர்றது? எழுபத்தொன்னுல வந்த வெள்ளமே இந்தப் படியத் தொடல" என்றார். எனக்குக் கோபம் வந்தது. படிப்பறியாத பிடிவாதம் என்று அன்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலையில் கோழிக் கூண்டோடு அவரைத் தூக்கிவந்தோம். நீர் மூன்றாம் படியில் இருந்தது. பின்னர் யோசித்தபோது, பாட்டியிடம் 35 ஆண்டுக் கணக்கு ஒன்று இருந்தது, என்னிடம் 'சீக்கிரம் வாங்க' என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை என்று உணர்ந்தேன். நீர் எந்தப் படி வரை வரும் என்று நான் அவருக்குச் சொல்லவேயில்லை. எனக்கே தெரியாது.

படித்தவர்கள் இதில் தவறமாட்டார்கள் என்று எண்ணுவதற்கும் வரலாறு இடந்தரவில்லை. ஓட்ரிக்கு 57 ஆண்டுகளுக்கு முன், 1900-ம் ஆண்டு செப்டம்பர் 8-ம் நாள், அதே வளைகுடாக் கரையில் டெக்சஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரத்தைச் சூறாவளி அழித்தது. தீவில் அமைந்த செல்வத் துறைமுகம் அது. ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்தனர். நகரின் மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் 9 அடிக்குக் குறைவு. அங்கு வானிலை அதிகாரியாக இருந்த ஐசக் கிளைன், கால்வெஸ்டனைப் புயல் பெரிதாகத் தாக்கும் என்று அஞ்சுவது மடமை என 1891-லேயே செய்தித்தாளில் எழுதியவர். அன்று மாலை அவர் வீட்டில் ஏறத்தாழ 50 பேர் அடைக்கலம் புகுந்தனர். உடன் பணியாற்றிய தம்பி ஜோசப், நகரின் நடுப்பகுதிக்குப் போய்விட வேண்டும் என்றார். அண்ணனோ வீடு உறுதியாகக் கட்டப்பட்டது, இங்கேயே இருப்போம் என்றார். வீடு விழுந்தது. 18 பேரே பிழைத்தனர். இறந்தோரில் ஐசக்கின் மனைவியும் ஒருவர். நகரத்தில் 6,000 பேருக்குக் குறையாமல் மாண்டனர். 8,000 என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. புயலின் குணத்தைத் தொழிலாகக் கற்றவரின் வீட்டிலேயே போவதா இருப்பதா என்ற வழக்கு இப்படித்தான் தீர்ந்தது. இதற்குப் பிறகு கேமரன் மீனவரைப் பேதை என்பது நியாயமாகுமா?

ஓட்ரியில் மனைவி மக்களைப் பறிகொடுத்த ஒருவர் அமெரிக்க அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தார். எச்சரிக்கை போதுமானதாக இல்லை என்பது அவர் வாதம். 1963-ல் நீதிமன்றம் அரசாங்கத்தின்மீது பொறுப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். நான் சட்டம் படித்தவனல்லன். ஆனால் அவ்வழக்கின் தீர்ப்பைவிட முக்கியமான தீர்ப்பைக் கரையோர மக்கள் முன்னமே எழுதிவிட்டனர். 1961-ம் ஆண்டு செப்டம்பரில் கார்லா என்னும் பெரும் புயல் டெக்சஸை நோக்கி வந்தது. கால்வெஸ்டன் வானிலை நிலையத்திலிருந்து, ராடாரில் தெரிந்த புயலின் உருவத்தை டான் ராதர் என்ற இளம் செய்தியாளர் தொலைக்காட்சியில் காட்டினார். புயல் எவ்வளவு பெரிது என்பதை மக்கள் தம் கண்ணாலேயே கண்டனர். டெக்சஸ், லூசியானா கரைகளிலிருந்து ஏறத்தாழ 5 இலட்சம் பேர் வெளியேறினர். ஓட்ரியைவிடப் பெரிய புயல். இறந்தோர் தொகையோ 50-க்குக் குறைவு.

அப்படியானால் எச்சரிக்கை வந்ததும் எல்லோரும் புறப்பட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். 2005-ம் ஆண்டு செப்டம்பர் இதற்கு விடை கூறுகிறது. அதற்கு முந்திய மாதம் கத்ரீனா நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்திருந்தது. அங்கே தங்கியவர்களுள் வண்டி இல்லாதவர், கையில் காசில்லாதவர், நோயாளர் பலர். 'போவதா, இருப்பதா' என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. அந்தக் காட்சிகள் கண்முன் நின்றபோதே ரீட்டா வந்தது. ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 இலட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினர். கடும் வெயில், நெடுஞ்சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நகரவில்லை, பெட்ரோல் தீர்ந்தது. முதியோர் இல்லத்திலிருந்து புறப்பட்ட பேருந்து ஒன்று டல்லாஸ் அருகே தீப்பற்றி 23 பேர் இறந்தனர். இந்த வெளியேற்றத்தில் மட்டும் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர் என்பர். புயலோ கிழக்கே திரும்பிவிட்டது. பின்னர் 2017-ல் ஹார்வி வந்தபோது ஹூஸ்டன் நகரத் தலைவர் வெளியேறும்படி ஆணையிடவில்லை. ரீட்டாவின் சாலைகள் எல்லோர் நினைவிலும் இருந்தன. அதற்காக அவரைக் குறை கூறினவர்களும் உண்டு, போற்றினவர்களும் உண்டு. எவர் சொல்வது சரி என்று என்னால் துணிய முடியவில்லை.

கிழக்கே திரும்பிய ரீட்டா எங்கே போயிற்று? 2005 செப்டம்பர் 24-ம் நாள் அது கரையேறியது கேமரன் மாவட்டத்தில். ஊர் மீண்டும் தரைமட்டமாயிற்று. ஆனால் இம்முறை வீடுகளில் ஆள் இல்லை. ஓட்ரியில் பிழைத்த குழந்தைகள் அப்போது தாத்தா பாட்டிகள். எச்சரிக்கை வந்ததும் 'நாளை காலை பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே அவர்கள் இடங்கொடுக்கவில்லை.

எச்சரிக்கை எழுதுவோரும் இதற்கிடையில் பாடம் படித்தனர். கத்ரீனாவுக்கு முதல்நாள் நியூ ஆர்லியன்ஸ் பகுதி வானிலை நிலையத்தில் ராபர்ட் ரிக்ஸ் என்பவர் வெளியிட்ட அறிக்கை வழக்கமான வறட்டு நடையில் இல்லை. எந்த வகை வீடு இடியும், மின்சாரமும் குடிநீரும் இன்றி மக்கள் என்ன பாடு படுவர் என்று வீட்டுக்காரருக்குப் புரியும்படி அது விவரித்தது. 2006-ல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது: உள்ளூர் ஆட்சியினர் வெளியேற்றத் திட்டம் வகுக்கும்போது வீட்டுப் பிராணிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று. நாயையும் பூனையையும் விட்டுவர மனமின்றித் தங்கி இறந்தோர் கத்ரீனாவில் பலர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் கோழிக் கூண்டு நினைவுக்கு வந்தது.

யாவற்றிலும் பெரிய மாற்றம், நான் தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட சொல்லில் நேர்ந்தது. முன்பு கடல் மட்டத்திலிருந்து இத்தனை அடி என்று கணக்குச் சொன்ன புயல் மையத்தார், பின்னர் நிலத்தின் மேல் இத்தனை அடி நீர் நிற்கும் என்று சொல்லத் தொடங்கினர். 2017 முதல் கடற்பெருக்குக்கென்றே தனி எச்சரிக்கையும் வழக்கத்துக்கு வந்தது. தாழ்ந்த இடம் எது, உயர்ந்த இடம் எது என்று கேட்பவர் இனி ஊகிக்க வேண்டியதில்லை. நீ நிற்கும் தரையின்மேல் பன்னிரண்டு அடி என்றால் அது கூரைக்கணக்கு.

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ம் நாள் லாரா என்ற புயலுக்காக வெளியிட்ட அறிக்கையில் 'உயிர் பிழைக்க இயலாத கடற்பெருக்கு' என்றே எழுதினர். இரவு ஒரு மணியளவில் அது கேமரனிலேயே கரையேறியது. அம்மாவட்டத்துக் கரையில் சிலவிடங்களில் 17 அடிக்கு மேல் நீர் நின்றது. ஊர் ஏறக்குறையக் காலியாக இருந்தது. ஆறு வாரங்கழித்து டெல்டா என்ற மற்றொரு புயல் அதே மாவட்டத்தில் வந்து இறங்கியது.

கேமரன் மாவட்டத்தின் மக்கட்டொகை 2000-ம் ஆண்டுக் கணக்கில் 9,991, 2010-ல் 6,839, 2020-ல் 5,617. புயலுக்காகப் புறப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. வந்தவர்கள் மரத்தூண்களை நட்டு, தரையிலிருந்து பல அடி உயரத்தில் வீடு கட்டிக்கொண்டார்கள். அவற்றின் அடியில் வண்டிகளை நிறுத்துகிறார்கள். பழைய நீதிமன்றக் கட்டடம் ஓட்ரிக்கும் ரீட்டாவுக்கும் லாராவுக்கும் விழாமல் நின்றது.