பொதுப்பணமும் இளைஞர் கல்வியும்: மௌலானா ஆஸாத் விட்டுச்சென்ற அமானிதம்

நாட்டின் கருவூலம் ஆள்வோரின் உடைமை அன்று. அது மக்களின் அமானிதம். பைத்துல்மால் குறித்து ஃபிக்ஹு நூல்களில் நாம் பயின்ற அடிப்படைப் பாடம் இது. அந்த அமானிதத்தில் இளந்தலைமுறைக்குரிய பங்கு எவ்வளவு என்னும் வினா, விடுதலை பெற்ற இந்தியாவின் மன்றங்களில் தொடக்கம் முதலே எழுந்தது. அதற்கு விடை காணும் பொறுப்பு ஒரு மார்க்க அறிஞரிடம் வந்து சேர்ந்தது. அவரே மௌலானா அபுல் கலாம் ஆஸாத் (ரஹ்).

1888இல் புனித மக்காவில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த மௌலானா, கல்லூரிப் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். இல்லத்திலேயே அரபு, பார்சி, மார்க்கக் கல்வி ஆகியவற்றைக் கற்றுத் தேறியவர். 1947 ஜனவரியில் கல்வித் துறைப் பொறுப்பை ஏற்று, 1958 பிப்ரவரி 22இல் மறையும் வரை பதினோராண்டுகள் அப்பணியில் நீடித்தார். 1952இல் ராம்பூரிலிருந்தும் 1957இல் குர்காவூனிலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவையில் அவர் உரையாற்றியது தமது உருது மொழியிலேயே ஆகும்.

அவர் அமைச்சராக இருந்த காலத்தில் நிகழ்ந்த ஒரு விவாதத்தை நாம் கவனிக்க வேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கட்டாய இலவசக் கல்வி பற்றிய விதி ஆராயப்பட்டது. ஒவ்வொரு குடிமகனும் இலவசத் தொடக்கக் கல்விக்கு உரிமையுடையவன் என்று வரைவில் இருந்த வாசகத்தை நீக்குமாறு பண்டித லட்சுமி காந்த மைத்ரா திருத்தம் கொணர்ந்தார். அது ஏற்கப்பட்டது. கல்வியைத் தொடக்கக் கல்வி அளவில் நிறுத்தலாம் என்றார் நசீருத்தீன் அஹ்மத். டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஆலைகளில் வேலைக்கு வைக்கலாகாது என்று மற்றொரு விதி தடுக்கிறது. அவ்வாறாயின் அந்த வயதுவரை அச்சிறார் இருக்க வேண்டிய இடம் கல்விச்சாலையே என்பது அவரது வாதம். இவ்வாறு பதினான்கு வயதுவரை என்பது நிலைத்தது. உரிமை என்னும் சொல் மறைந்தது. பத்தாண்டுகளுக்குள் அரசு இதற்கு முயல வேண்டும் என்ற வழிகாட்டு நெறியாகவே 45ஆம் பிரிவு அமைந்தது.

ஒரு சொல் நீங்கியதன் விளைவு பின்னர் கணக்கேடுகளில் தெரிந்தது. ஆங்கிலேயர் காலத்து சார்ஜண்ட் திட்டம் அனைவருக்கும் கல்வி அளிக்க நாற்பதாண்டுகள் கேட்டிருந்தது. அத்தனை காலம் காத்திருக்க இயலாது என்பதே மௌலானாவின் நிலைப்பாடு. பணத்துக்கு வழிகாண அமைந்த கேர் குழு, மத்திய வருவாயில் 10 விழுக்காட்டையும் மாகாண வருவாயில் 20 விழுக்காட்டையும் கல்விக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. ஆனால் அணைகளும் ஆலைகளும் கருவூலத்தை எதிர்நோக்கி நின்றன. முதல் ஐந்தாண்டுத் திட்டச் செலவில் 7.8 விழுக்காடாக இருந்த கல்வியின் பங்கு, இரண்டாம் திட்டத்தில் 5.8 விழுக்காடாகச் சுருங்கியது. பத்தாண்டுக் கெடுவும் நிறைவேறாமலே கழிந்தது.

எனினும், கிடைத்த பணத்தை மௌலானா நிலையான அமைப்புகளாக்கினார். 1953 டிசம்பர் 28இல் அவர் தொடங்கிவைத்த பல்கலைக்கழக மானியக் குழு, 1956இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக உறுதி பெற்றது. கல்விக்கான மானியம் ஓர் அமைச்சரின் தயவாக இராமல், சட்டம் வகுத்த வழியில் சென்றடைய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. விடுதலைப் போராட்ட இளைஞர்களை அடைத்துவைத்திருந்த ஹிஜ்லி சிறைமுகாமில் கரக்பூர் ஐ.ஐ.டி. உருவானது. 1951 ஆகஸ்டில் அதனை முறைப்படி திறந்துவைத்தவரும் மௌலானாவே. இளைஞர்களுக்குச் சிறையாயிருந்த கட்டடம் அவர்களுக்கே கல்விக்கூடமாயிற்று!

நம் சமுதாயத்திடமும் அவர் கடமையை எடுத்துரைக்கத் தயங்கவில்லை. 1947 பிப்ரவரியில் லக்னோவில் உலமாக்களிடையே பேசியபோது, மதரஸாப் பாடத்திட்டம் காலத்தின் தேவையோடு பொருந்த வேண்டும் என்று வலியுறுத்தினார். மதரஸாவில் பாடம் நடத்தும் நம் போன்றோர் இன்றும் சிந்திக்க வேண்டிய பேச்சு அது. தமிழகத்தில் 1951இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் சமுதாயக் கொடையாளர்களின் முயற்சியால் எழுந்தன. பின்னாளில் மானியக் குழுவின் நிதியும் அவற்றுக்குத் துணைநின்றது. கொடையும் பொதுநிதியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதற்கு இவை சான்று.

1948இல் நழுவிய உரிமை, 2002இல் 86ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலமே ஆறு முதல் பதினான்கு வயதினருக்குக் கிட்டியது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. இடையில் எத்தனை தலைமுறைகள் பள்ளி வாசலை மிதிக்காமலே முதிர்ந்தன! மறுபுறம், சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்காக மௌலானாவின் பெயரால் வழங்கப்பட்ட தேசிய ஆய்வு உதவித்தொகை, 2022–23ஆம் ஆண்டு முதல் நிறுத்தப்படுகிறது என்ற செய்தி மக்களவையில் ஒரு வினாவுக்கு அளித்த விடையாகவே வந்தது. வேறு திட்டங்களோடு ஒத்துப்போகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம். அது சட்டத்தில் வேரூன்றிய உரிமையாக இருந்ததில்லை; ஆகவே ஒரு விடையிலேயே முடிந்துபோயிற்று.

அவையில் பேசப்படும் ஒரு சொல் நம் பிள்ளைகளின் பல்லாண்டுகளை நிர்ணயிக்கிறது என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை. நாம் தேர்ந்தெடுத்து அனுப்பிய உறுப்பினர் கல்வி நிதி குறித்து என்ன கேட்டார், என்ன விடை பெற்றார் என்று அறிவது அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரிய வேலை அன்று. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அன்னிஸா அத்தியாயத்தில் அல்லாஹ் இட்ட கட்டளை, பொதுப்பணத்தைக் கையாள்வோருக்கும் உண்டு. அதனை அவர்களிடம் கேட்டுப் பெறும் பொறுப்பு நமக்கும் உண்டு.

வல்ல அல்லாஹ் மௌலானா அவர்களின் நற்பணிகளை ஏற்றுக்கொண்டு, நம் இளைஞர்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.