கொங்குநாட்டில் அரசியற் பொருளியற் கருத்துகள் பயின்ற வரலாறு (1925–1935)

நூல் என்னும் சொல்லுக்கு இழை என்றும் ஏடு என்றும் இருபொருள் உண்மை யாவரும் அறிந்ததே. நன்னூற் பாயிரம் பஞ்சினைச் சொல்லாகவும், இழையினைப் பனுவலாகவும், நூற்பவளைப் புலவனாகவும், அவள் கையினை வாயாகவும், கதிரினை மதியாகவும் உருவகித்து அப்பெயர்க்குக் காரணம் காட்டுகின்றது. அவ்விருவகை நூலும் ஒருங்கு வழங்கிய நிலப்பகுதி கொங்குநாட்டின் ஈரோடு, திருப்பூர் வட்டாரமாகும். இழைநூலால் உயிர்வாழ்ந்த அம்மக்கள், உடைமை, கூலி, ஆட்சி ஆகியன பற்றிய புதுக்கருத்துகளை எவ்வகை ஏட்டுநூலால் அறிந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

அரசியலும் பொருளியலும் தமிழுக்குப் புதியன அல்ல. திருக்குறளின் பொருட்பால் 70 அதிகாரங்களை உடையது. ஆயினும் அந்நூல் எழுந்த காலத்தில் ஆலை இல்லை. ஆலை முதலாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் இடைப்பட்ட உறவும் இல்லை. அவ்வுறவினைக் குறிக்கும் சொற்களைத் தமிழ் இருபதாம் நூற்றாண்டில் ஆக்கிக்கொள்ள நேர்ந்தது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தே திரு.வி.க. மேடையிலும் இதழிலும் இப்பணியைச் செய்தார். கொங்குநாட்டில் அது வேறொரு வழியில் நிகழ்ந்தது.

1. ஓராண்டின் நிகழ்ச்சிகள்

1925-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டு மே 2-ஆம் நாள் ஈரோட்டில் பெரியார் ஈ.வெ.ரா. 'குடி அரசு' வார இதழைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராசகோபாலாச்சாரியார் கதர்ப் பணிக்கென ஆசிரமம் நிறுவினார். செப்டம்பரில் அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. திருப்பூர் கதர் வாணிகத்தின் பெருநிலையமாக வளர்ந்தது. திருப்பூரின் முதற் பனியன் தொழிலகமும் அவ்வாண்டில் எழுந்ததென்பர். திசம்பரில் கான்பூரில் கூடிய முதற் பொதுவுடைமை மாநாட்டிற்குத் தமிழரான சிங்காரவேலர் தலைமை தாங்கினார்.

இவற்றுள் ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என யாம் கூறவில்லை. கைந்நூலா ஆலைநூலா, ஆதாயம் யாருக்குரியது என்னும் வினாக்கள் இவ்வட்டாரத்தில் ஒரே காலத்தில் எழுந்தன என்பதே கருதற்பாலது.

2. கதர்வழி வந்த கருத்து

கதர் இயக்கத்தை நாட்டுப்பற்றின் அடையாளமாக மட்டும் காண்பது குறையுடைத்து. அதன் அடியில் ஒரு பொருளியற் கொள்கை உண்டு. 1904-இல் சோகன்னசுபர்க்கிலிருந்து தர்பன் நகருக்குச் சென்ற இருப்பூர்திப் பயணத்தில் காந்தியடிகள் ஆங்கில அறிஞர் ரஸ்கினின் நூலொன்றைப் படித்தார். ஆதாயத்தையே அளவாகக் கொண்ட அக்காலப் பொருளியலை மறுத்தெழுந்த நூல் அது. 1908-இல் அதனைக் குசராத்தி மொழியில் சுருக்கி வரைந்தபோது அவர் இட்ட பெயரே 'சர்வோதயம்'. ஒரு புகைவண்டிப் பயணத்திற் படிக்கப்பட்ட நூலின் கருத்து, இருபது ஆண்டுகள் கடந்து, கொங்குநாட்டுச் சிற்றூர்களில் இராட்டையாய்ச் சுழன்றது.

1932 சனவரியில் திருப்பூரிற் கொடியேந்திச் சென்று அடிபட்டு உயிர்நீத்த குமரன், சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்திற் பிறந்தவர். அவரைக் கொடிகாத்தவராகப் போற்றும் நாம், அவர் தலைமுறையினர் கதர்ப் பொருளியலை எவ்வெவ்வேடுகளிற் பயின்றனர் என்பதை இன்னும் முறையாக ஆராய்ந்திலேம். பின்னாளில் இக்கொள்கையை விரித்துரைத்த தமிழர் சே.சி. குமரப்பா, 1945-இல் வெளிவந்த தம் நூலில் நிலைத்துநிற்கும் பொருளாதாரம் யாதென வகுத்தார். தஞ்சையிற் பிறந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்ற அவரும் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பது நினையத்தக்கது.

3. சமதர்மவழி வந்த கருத்து

பெரியாரின் சமதர்மக் கொள்கை அவரது உருசியப் பயணத்தால் விளைந்தது என்பது பலரும் கூறும் கூற்று. ஆண்டுமுறை இதற்கு முற்றும் இயையவில்லை. மார்க்சும் எங்கெல்சும் 1848-இல் வெளியிட்ட அறிக்கையின் தமிழாக்கம் 1931 அக்டோபர் 4-ஆம் நாளிட்ட 'குடி அரசு' இதழில் வரத் தொடங்கியது. பெரியார் மேனாடுகளுக்குக் கப்பலேறியது அவ்வாண்டு திசம்பரில். மீண்டது 1932 நவம்பரில். எனவே பயணத்திற்கு முன்னரே படிப்பு நிகழ்ந்தது. பயணம் அப்படிப்பினை வலியுறுத்தியது எனக் கோடலே பொருந்தும். 1932 திசம்பரில் சிங்காரவேலர் துணையுடன் உருவான ஈரோட்டுத் திட்டம் இவ்விரண்டின் விளைவாகும்.

அத்தமிழாக்கத்திற்குப் பெரியார் எழுதிய முன்னுரை மொழிபெயர்ப்பினும் முதன்மை வாய்ந்தது. பிற நாடுகளில் முதலாளி, தொழிலாளி என்னும் வேறுபாடே தலையாயது. இந்நாட்டிலோ மேற்சாதி, கீழ்ச்சாதி என்னும் வேறுபாடு அதனை மறைத்து முன்நிற்கின்றது என்பது அதன் சாரம். நூலை ஏற்றுக்கொண்டவர் அதனை அப்படியே ஏற்கவில்லை. தம் நிலத்தின் வினாவை அதனிடம் வினவினார். கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றவரும் இவ்வறிக்கையைத் தமிழில் வெளியிட்டவரும் ஒருவரே என்பது இருநெறிக்கும் உள்ள அணிமையைக் காட்டும்.

4. சொல்லாக்கம்

பொதுவுடைமை, சமதர்மம், சர்வோதயம் என்னும் மூன்றும் இக்காலத்து வழங்கிய சொற்கள். முதலாவது உடைமையை நோக்கியது. மூன்றாவது அனைவர் உயர்வையும் நோக்கியது. இடைநின்ற 'சமதர்மம்' ஆழ்ந்து ஆராயத்தக்கது. தருமம் வருணந்தோறும் வேறுபடும் என்பது பழைய கொள்கை. 'சம' என்னும் அடை சேர்ந்த அளவில் அச்சொல்லே அக்கொள்கைக்கு மறுப்பாகி விடுகின்றது. மேனாட்டுச் சொல்லொன்றின் பெயர்ப்பாக வந்தது, வருணதருமத்திற்கு விடையாகவும் நின்றது. முன்னுரையில் விரித்துரைத்த கருத்தினை ஒரு சொல்லே தாங்கியது எனலாம்.

5. படித்தோரும் கேட்டோரும்

எழுத்தறிந்தார் சிலராயிருந்த அக்காலத்தில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்டனர். ஆதலின் அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையால் மட்டும் படிப்பின் பரப்பை அளத்தல் இயலாது. அரசின் நடவடிக்கை மற்றோர் அளவுகோல். 1933 அக்டோபரில் 'குடி அரசு' எழுதிய தலையங்கத்திற்காகப் பெரியாரும், இதழின் வெளியீட்டாளராயிருந்த அவர்தம் தங்கை கண்ணம்மாளும் வழக்கிற்குள்ளாயினர். 1931-இல் இலாகூர் இதழொன்றில் ஆங்கிலத்தில் வந்த பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' என்னும் கட்டுரையை ப. சீவானந்தம் தமிழாக்கினார்; அச்சிறுநூலை வெளியிட்டதன் பொருட்டு 1935-இல் அவரும் ஈ.வெ. கிருட்டிணசாமியும் சிறைப்பட்டனர். தமிழிற் படிக்கப்படும் கருத்தின் வலியை அரசு நன்கு உணர்ந்திருந்தது. அவ்வாண்டிலேயே பெரியார் சமதர்மப் பரப்புரையைத் தளர்த்தினார். சீவானந்தம் முதலியோர் பிரிந்து சென்றனர். ஈரோட்டில் தொடங்கிய படிப்பு பிற இயக்கங்களின் வழியே தொடர்ந்தது.

6. நம் கடன்

அரசு அஞ்சிய இவ்வுரைநடையைத் தமிழ்த்துறைகள் நெடுங்காலம் இலக்கியமாகக் கொள்ளவில்லை. கட்சி எழுத்து என அரசியலாரிடமும், மொழிபெயர்ப்பு என வரலாற்றாரிடமும் விட்டுவிட்டோம். பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குத் தந்த வெ. சாமிநாத சர்மாவின் சொல்லாட்சிகூட நம் பாடத்திட்டங்களிற் பெற்ற இடம் சிறிதே.

எம் வகுப்பிற் பனியன் தொழிலாளர் இல்லத்து மாணவர் பலர் பயில்கின்றனர். பட்டினப்பாலையின் வணிகச் சிறப்பினைக் கற்பித்த ஒருநாள், மாணவி ஒருவர், "ஐயா, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொண்டதும் கொடுத்ததும் இலக்கியம் என்கிறீர்கள். எங்கள் அப்பா வாங்கும் பீஸ் ரேட் கூலியைப் பற்றித் தமிழில் எழுதியவை இலக்கியம் ஆகாவா?" என வினவினார். அன்று யாம் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவிற்குரிய விடையின் தொடக்கமாகும்.

இனிச் செய்யத்தக்கன மூன்று. இக்காலத்து இதழ்களிலிருந்து அரசியற் பொருளியற் சொற்களை ஆண்டுமுறையில் தொகுத்தல் வேண்டும். 1931-ஆம் ஆண்டுத் தமிழாக்கத்தைப் பின்வந்த தமிழாக்கங்களோடு ஒப்பிட்டு, எச்சொல் நின்றது, எச்சொல் வீழ்ந்தது எனக் காணல் வேண்டும். கதர் ஏடுகளையும் சமதர்ம ஏடுகளையும் எதிர்க்கட்சியினவாகப் பிரித்து வையாது, ஒரே நிலத்து மக்கள் ஒரே வினாவிற்குக் கண்ட இரு விடைகளாக ஒருங்கு பயிலல் வேண்டும். இழைநூலை ஆராய்வோர் பஞ்சின் தரம் அறிந்தே பின் முறுக்கினை நோக்குவர். ஏட்டுநூலை ஆராயும் நமக்கும் அம்முறையே பொருந்தும். நம் பஞ்சு அவ்வேடுகளின் சொற்கள். பழந்தாள்கள் முற்றும் பொடியாகுமுன் அப்பணி தொடங்கப்பெறுக.