ஓடாத க்ரானும் ஒரு சதவீதக்குறியும்

மக்களே, கொஞ்சம் கொசுவத்தியைச் சுத்திக்கறேன். பொறுத்துக்கோங்க.

இன்ஜினியரிங் முடிச்சு முதல் வேலை. கோவையில ஒரு சின்ன கம்பெனி. பொட்டி தட்டறது, சர்வர் பார்த்துக்கறது, பிரிண்டர்ல சிக்கின பேப்பரை உருவி எடுக்கறது எல்லாத்துக்கும் அடியேன்தான். ஜவுளி மொத்த வியாபாரம் செய்யற ஒரு வாடிக்கையாளரோட பில் கணக்கு முழுக்க எங்க லினக்ஸ் சர்வர்ல இருந்துச்சு. தினமும் ராத்திரி 2 மணிக்கு அதை நகல் எடுத்து வேற டிஸ்க்ல போடணும். கட்டளையை எழுதி, கையால ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அன்னைக்குத் தேதி போட்ட கோப்பு அழகா வந்து உக்காந்துச்சு. அதே வரியை அப்படியே க்ரான்ல போட்டுட்டு அடுத்த ஆணியைப் புடுங்கப் போயிட்டேன்.

பதினோரு வாரம் கழிச்சு டிஸ்க் மண்டையைப் போட்டுச்சு. "கவலையே படாதீங்க, நகல் இருக்கு"ன்னு கெத்தா சொல்லிட்டுப் போய்ப் பார்த்தா, அங்க ஒரே ஒரு கோப்பு. நான் கையால ஓட்டினது. மீதி 77 ராத்திரிக்கு ஒண்ணுமே இல்லை.

அந்த வாடிக்கையாளர் கடையில கணக்குப் பார்க்கற அக்கா கார்பன் காப்பி பில்லுங்களைக் கட்டுக் கட்டா எடுத்து வெச்சு, எட்டு நாள் உக்காந்து திரும்ப அடிச்சாங்க. நானும் பக்கத்துல உக்காந்து அடிச்சேன். முதல் நாள் அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏன் தம்பி, தினமும் ராத்திரி காப்பி எடுக்குதுன்னு சொன்னீங்களே?" திட்டியிருந்தா கூடப் பரவாயில்லை.

குற்றவாளி யாருன்னா, தேதி போடறதுக்காக நான் எழுதின சதவீதக்குறி. கையால ஓட்டினா ஓடுது, க்ரான்ல ஓடலை. ஏன்னு நோண்டப் போனவன் 1979க்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தப் பதிவு அந்தக் கதைதான்.

பொட்டி தட்டாத நண்பர்களுக்கு: க்ரான்ங்கறது லினக்ஸ் கணினியில எப்பவும் முழிச்சிருக்கற வாட்ச்மேன் மாதிரி. க்ரான்டாப்னு ஒரு பட்டியல். அதுல ஒவ்வொரு வரியிலயும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமைன்னு ஐந்து கட்டம், அப்புறம் செய்ய வேண்டிய வேலை. 0 2 * * * அப்படின்னா தினமும் அதிகாலை 2 மணி. அவ்வளவுதான் மேட்டர்.

1979ல் பெல் லேப்ஸிலிருந்து வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் இருந்த க்ரான் ரொம்ப எளிமையானது. கணினி கிளம்பும்போதே கிளம்பும். பட்டியலைப் பார்க்கும், இந்த நிமிஷத்துக்கு ஏதாவது வேலை இருந்தா ரூட் அதிகாரத்தில் ஓட்டும், ஒரு நிமிஷம் தூங்கும், மறுபடி பார்க்கும். மொத்தக் கணினிக்கும் ஒரே பட்டியல். அதில் கை வைப்பவர் அந்த மெஷினை நிர்வகிப்பவர் மட்டும்தான். அறை அளவு மெஷின், எப்பவும் ஆன்ல இருக்கும், பார்த்துக்க ஒரு ஆள் உண்டு. இந்த மூணையும் மனசுல வெச்சுக்கோங்க. பின்னாடி எல்லாத் தலைவலியும் இதிலிருந்துதான் வருது.

பட்டியலில் ஒரு வேலைக்கு ஒரே வரிதான் இடம். சில கட்டளைகளுக்கு உள்ளீடும் தரணும், அதுக்கு அடுத்த வரி வேணும். என்ன செய்யலாம்? அதிகம் புழங்காத ஒரு குறியை எடுத்து 'இது வந்தா வரி முடிஞ்சதா வெச்சுக்கோ'ன்னு சொல்லிட்டாங்க. அந்தக் குறிதான் %. முதல் % வரைக்கும் கட்டளை, அதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் அந்தக் கட்டளைக்கான உள்ளீடு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அதே ஏழாம் பதிப்பின் டேட் கட்டளைக்கு, இன்னைக்கு நாம வருஷம் மாசம் நாள்னு % போட்டு வாங்கற வசதியே கிடையாது. அது பின்னாடி வந்தது. ஆக, அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்தப்ப அது காலி மனை. தப்பே சொல்ல முடியாது. அப்புறம் டேட் அங்க குடி வந்துச்சு, க்ரான் காலி பண்ணலை, நாற்பது வருஷம் கழிச்சு கோவையில ஒருத்தன் நடுவுல மாட்டினான். என் வரியில் டேட் கட்டளையின் அடைப்புக்குறி திறந்த கையோட % வந்துடுச்சு. ஷெல்லுக்குப் போனது பாதி வரி. மூடாத அடைப்புக்குறியைப் பார்த்து அது கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடுச்சு. %க்கு முன்னாடி ஒரு பின்சாய்கோடு போட்டிருந்தா போதும். ஒரே ஒரு எழுத்து!

அடுத்த காட்சி அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், பர்டியூ பல்கலைக்கழகம். அங்கே கணினித் துறையில ஒரு வாக்ஸ் 11/780 மெஷின். நிர்வாகிக்கு மட்டும் க்ரான்னா எப்படி, எல்லாருக்கும் வேணும்ல? ஆனா ஒவ்வொரு நிமிஷமும் எழுந்து எல்லார் பட்டியலையும் படிச்சா மெஷின் தாங்காது. ராபர்ட் பிரவுன் என்ற மாணவர், ஃபிரான்டா, மாலி என்ற இருவர் 1977ல் எழுதிய ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படிக்கிறார். நிகழ்வுகளைப் பாவனையாக ஓட்டிப் பார்க்கும் நிரல்களில், அடுத்து நடக்க வேண்டியது எதுன்னு வரிசையாக அடுக்கி வைக்கும் முறை பற்றியது அது. க்ரானும் இதே வேலையைத்தானே செய்யுதுன்னு அவருக்குப் பொறி தட்டுது. அடுத்த வேலை எப்போன்னு கணக்குப் போட்டு, அதுவரைக்கும் நிம்மதியா தூங்கற ஒரு க்ரானை முன்மாதிரியா செஞ்சு பார்த்தார்.

அதை நிஜப் பயன்பாட்டுக்குத் தயார் செய்யற பொறுப்பு, புதுசா சேர்ந்த கீத் வில்லியம்சன் என்ற மாணவருக்குப் போச்சு. கை பழகறதுக்காகக் குடுத்த வேலையாம்! 1979 கடைசியில் பர்டியூவில் அது ஓட ஆரம்பிச்சுது. புதுப் பையன் தலையில க்ரானைக் கட்டற வழக்கம் அப்பவே உண்டுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். என்ன, அவர் செஞ்சது ஓடிச்சு.

இன்னைக்கு நம்ம லினக்ஸ் மெஷின்கள்ல பரவலா இருக்கறது இதுல எதுவும் இல்லை. பால் விக்ஸி 1987ல் எழுதினது. அவர் பழையபடி நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுப்பற முறைக்கே போயிட்டார். அதற்குள் மெஷின்களுக்கு அந்தச் சுமை பெரிசில்லை. 1993 கடைசியில் மூன்றாம் பதிப்பு வந்துச்சு. 2023ல் வந்த டெபியன் 12ல் கூட க்ரானோட பதிப்பு எண் 3.0ல்தான் ஆரம்பிக்குது. நடுவுல எத்தனையோ ஒட்டு வேலை நடந்திருக்கு, ஆனா அடி மனை அதுதான். ரெட் ஹாட்காரங்க 2007ல் விக்ஸியோட 4.1 பதிப்பிலிருந்து பிரிச்சு க்ரானின்னு தனியா வெச்சுக்கிட்டாங்க.

விக்ஸி க்ரான் நம்ம வேலைகளை ஓட்டும்போது பாத் என்ற தேடுபாதையில் ரெண்டே ரெண்டு அடைவுதான் வெச்சிருக்கும். நாம லாகின் செய்யும்போது ஷெல் படிக்கிற அமைப்புக் கோப்புகள் எதையும் அது படிக்காது. நியாயம்தான், க்ரான் லாகின் செய்யலையே. ஆனா நாம வேற அடைவுல நிறுவின நிரல் கையால ஓட்டினா ஓடும், க்ரான்ல 'அப்படி யாரும் இங்க இல்லை'ன்னு பதில் வரும். சந்தேகம் வந்தா, என்வ் கட்டளையை ஒரு நிமிஷம் க்ரான்லயே ஓடவிட்டு, வர்றதை ஒரு கோப்புல பிடிச்சுப் பாருங்க. உங்க திரையில் என்வ் காட்டறதுக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தா ஏழைக்கும் பணக்காரனுக்கும் உள்ளதுதான்.

தேதி, கிழமை ரெண்டையும் நிரப்பினா வர்ற கூத்து தனி. 13ஆம் தேதி வெள்ளிக்கிழமையா வந்தா மட்டும் ஓடணும்னு 0 0 13 * 5 போட்டீங்கன்னா, எல்லா 13ஆம் தேதியும் ஓடும், எல்லா வெள்ளிக்கிழமையும் ஓடும். ஏழாம் பதிப்பில் ஐந்து கட்டமும் பொருந்தினால்தான் ஓடும். பின்னாடி வந்த யுனிக்ஸ்ல இது மாறி, தரநிலையிலும் ஏறிடுச்சு. இது விசித்திரம்தான், ஆனா தரநிலை அப்படின்னு விக்ஸியே நிரலுக்குள்ள ஒரு குறிப்பு எழுதி வெச்சுட்டுப் போயிட்டார்.

டெபியன்ல தினசரி வேலைகளுக்கான அடைவுல ஒரு கோப்பைப் போட்டு வெச்சா போதும், தானா ஓடும். ஆனா பேருல புள்ளி இருக்கக் கூடாது. நாம பாசமா கடைசியில புள்ளி எஸ்எச் போட்டுப் பேர் வைப்போம். அதை ஒதுக்கிட்டுப் போயிடும், ஒரு வார்த்தை சொல்லாது. நிரல் பொதி புதுப்பிக்கும்போது மிச்சமாகும் பழைய கோப்புகள் தப்பித் தவறி ஓடிடக் கூடாதேன்னு வெச்ச கட்டுப்பாடு. இதுவும் நல்ல எண்ணம்தான்!

இப்ப எனக்கு ரொம்ப உறைச்ச விஷயத்துக்கு வர்றேன். அந்த 77 ராத்திரியும் க்ரான் சும்மா இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் 'அடைப்புக்குறி மூடலை'ன்னு எனக்குக் கடுதாசி போட்டிருக்கு. சர்வருக்குள்ளயே இருக்கற உள்ளூர் அஞ்சல் பெட்டியில 77 கடிதம். ஒரு வேலை ஏதாவது வெளியிட்டா அதை உரியவருக்கு அஞ்சல் செய்வது க்ரானோட வழக்கம். எல்லாரும் ஒரே பெரிய மெஷின்ல காலையில லாகின் செஞ்ச காலத்துல, உள்ளே நுழைஞ்சதும் 'உங்களுக்கு அஞ்சல் வந்திருக்கு'ன்னு திரையில தெரியும், படிப்பாங்க. நமக்கு அஞ்சல்னா ஜிமெயில். சர்வர் வாசல்ல ஒரு தபால் பெட்டி தொங்குதுன்னே எனக்குத் தெரியாது. இன்னும் பல மெஷின்ல அஞ்சல் நிரலே நிறுவியிருக்க மாட்டாங்க. அங்க க்ரான், அஞ்சல் வசதி இல்லைன்னு பதிவேட்டுல ஒரு வரி எழுதிட்டுக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுடும்.

பதிவேட்டுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அன்னைக்கு நான் பதறிப்போய்ப் பார்த்தப்ப 77 நாளும் சரியா 2 மணிக்கு என் கட்டளையை ஓட்டினதா வரி இருந்துச்சு. ஆரம்பிச்சேன்னுதான் க்ரான் எழுதும். ஒழுங்கா முடிஞ்சுதான்னு அது சொல்லவே இல்லை, நான்தான் அப்படிப் படிச்சுக்கிட்டேன்.

எப்பவும் ஆன்ல இருக்கற மெஷின்னு முதல்ல சொன்னேன்ல? வீட்டுக் கணினியும் மடிக்கணினியும் வந்ததும் அதுவும் உடைஞ்சுது. டெபியன்ல தினசரி வேலை காலை 6:25க்கு. அப்ப எந்தப் பொட்டி தட்டறவன் எந்திரிச்சிருக்கான்? மெஷின் தூங்கினா அந்த வேலை அன்னைக்குப் போனது போனதுதான், க்ரான் திரும்பிப் பார்க்காது. இதுக்காக வந்தது அனாக்ரான். கடைசியா எந்த நாள்ல ஓடிச்சுன்னு குறிச்சு வெச்சு, மெஷின் ஆன் ஆனதும் பாக்கியைத் தீர்க்கும். 2010ல் வந்த சிஸ்டம்டி பின்னாடி டைமர்னு தன் பங்குக்கு ஒண்ணு கொண்டு வந்துச்சு. பர்சிஸ்டன்ட்னு ஒரு வரி சேர்த்தா அதுவும் தவறவிட்டதை அப்புறமா ஓட்டும். கடைசியா எப்ப ஓடிச்சு, அடுத்து எப்பன்னு ஒரே கட்டளையில பட்டியல் தரும், தோத்துப் போனா அந்த வேலை தோத்ததுன்னே நிலை காட்டும். நல்ல விஷயம்தான். ஆனா ஒரு வரி வேலைக்கு ரெண்டு கோப்பு எழுதணும்ங்கறதால சோம்பேறியான நான் சின்ன வேலைக்கெல்லாம் இன்னும் க்ரான்தான்.

அந்தக் கம்பெனியில அப்புறம் ஒரு வருஷம் இருந்தேன். நகல் எடுக்கற கட்டளையைத் தனிக் கோப்புல எழுதி, க்ரான்டாப்ல அந்தக் கோப்போட முழுப் பாதையை மட்டும் வெச்சேன், % தொல்லை தீர்ந்துச்சு. வேலை ஒழுங்கா முடிஞ்சா மட்டும் என் ஜிமெயிலுக்கு, கோப்போட அளவைப் போட்டு ஒரு வரி வரும். காலையில அது வரலைன்னா பல் தேய்க்கறதுக்கு முன்னாடி சர்வரைத் திறந்துடுவேன்.

கிளம்பற வாரம் அந்த அக்காவுக்கு போன் பண்ணி, வேற வேலை கிடைச்சிருச்சுக்கான்னு சொன்னேன். சந்தோஷம் தம்பின்னு சொன்னவங்க, கொஞ்சம் இழுத்து, "இப்ப அங்க எத்தனை காப்பி இருக்கு?"ன்னு கேட்டாங்க. லைன்லயே இருங்கன்னு சொல்லிட்டு, எண்ணிச் சொன்னேன்.